பதிவேட்டின் ஒரு வரி



'ஹாம்' என்று வழங்கப்பெறும் அமெச்சூர் வானொலியாளரின் பதிவேட்டைப் புதிதாகப் பிரிப்பவர்க்கு, அது எழுத்தும் எண்ணும் நிறைந்த கணக்குப் புத்தகமாகவே தோன்றும். ஆயின், அதன் ஒவ்வொரு வரியும் இரு மனிதர் தொடர்பு கொண்டமைக்குச் சான்றாகும். அதனைப் படிக்கும் முறையை இன்று சிறிது காண்போம்.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: '14ஆம் தேதி, 20.30 மணி, 7 மெகாஹெர்ட்ஸ், மோர்ஸ், ஜே.ஏ.1 எனத் தொடங்கும் அழைப்புக்குறி; அனுப்பியது 579; பெற்றது 559.'

அழைப்புக்குறியின் முன்னெழுத்துகள் பன்னாட்டு உடன்பாட்டின்படி பகிர்ந்தளிக்கப் பெற்றவை. ஜே.ஏ. ஜப்பான், 4எஸ் இலங்கை, வி.யு. இந்தியா. அடுத்துவரும் எண்ணின் பொருள் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜப்பானில் 1 என்பது டோக்கியோவை உள்ளிட்ட காந்தோ வட்டாரம். நம் நாட்டிலோ 2 பொதுநிலை உரிமத்தையும், 3 வரையறைக்குட்பட்ட உரிமத்தையும், 4 அந்தமான் நிகோபாரையும், 7 இலட்சத்தீவையும் குறிக்கும். ஆகவே, வி.யு.2 என்று கேட்டவுடன் பேசுபவர் மதுரையிலுள்ளாரா, நாகபுரியிலுள்ளாரா என்று அறிய இயலாது. இந்திய நிலையம் என்பது மட்டுமே விளங்கும். ஊரைக் கேட்டுத்தான் அறிதல் வேண்டும்.

இனி, நேரம். பதிவேட்டில் எழுதுவது உலகப் பொது நேரம். நமது நேரம் அதற்கு 5½ மணி முற்பட்டது. எனவே, 14ஆம் தேதி 20.30 என்பது நமக்கு 15ஆம் தேதி பின்னிரவு 2 மணி. ஜப்பானியருக்கு அன்றைய காலை 5.30. மணியை மாற்றியவர் தேதியை மாற்ற மறந்தால், இருவர் பதிவும் பொருந்தா. தொடர்பை உறுதிசெய்யும் கியூ.எஸ்.எல். அட்டையும் பயனற்றுப்போம்.

579 என்பதில் முதல் எண் தெளிவு. அதன் உச்சம் 5. அடுத்தது வலிமை, மூன்றாவது மோர்ஸ் ஒலியின் தூய்மை; இவற்றின் உச்சம் 9. உபசாரத்துக்காக எல்லார்க்கும் 599 வழங்குவோரும் உளர். அஃது இனிமையான பொய். எதிரிலிருப்பவர் தம் கருவியின் குறையை அறியவொட்டாமல் தடுப்பது.

இக்கண்டிப்பு எதற்கு என்று வினவலாம். 2004 டிசம்பர் 26 அன்று காலை சுமார் 6.29 மணிக்கு, பொது நேரப்படி 00.59க்கு, சுமத்ராவின் அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. பாரதி பிரசாத் அம்மையாரின் தலைமையில் ஹாம் குழுவொன்று அப்போது போர்ட் பிளேரில் இருந்தது. அவரது வி.யு.2ஆர்.பி.ஐ. என்னும் குறி, அங்கே வி.யு.4ஆர்.பி.ஐ. ஆகியிருந்தது. தொலைபேசிகள் ஓய்ந்தபோது, தீவுகளின் செய்திகளை அக்குழுவினர் வெளியுலகுக்கு எட்டச் செய்தனர்.

அத்தகைய வேளையில், 'இன்னார் நலம்' என்னும் செய்தி எங்கிருந்து, எப்போது வந்தது என்பது பிழையற எழுதப்பட்டிருத்தல் வேண்டும். நேற்றைய நலம் இன்றைய நலமாகாது. தொலைவிலிருந்து உற்றாரின் செய்திக்குக் காத்திருந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அமைதிக் காலத்தில் விளையாட்டாகப் பழகிய கைதான் இடர்க்காலத்தில் பிழையின்றி எழுதும்.