ரசிகர் படைப்பாளர் ஆகும் வழி
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

நம் பிள்ளைகள் சினிமாவிலும் வீடியோ விளையாட்டிலும் காலத்தைக் கழிக்கின்றனரே என்று பெரியோர் வருந்துகின்றனர். அவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும் ஆர்வம் தீயைப் போன்றது. அடுப்பில் இட்டால் சோறாகும். கூரையில் இட்டால் குடிசை எரியும். அதனை எங்கே இடுவது என்பதே நம்முன் உள்ள வினா.

ஜப்பானியரான சதோஷி தஜிரியின் வாழ்வை எண்ணிப் பார்ப்போம். 1965-இல் பிறந்து, டோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் வளர்ந்தவர். சிறுவயதில் வயலிலும் குளக்கரையிலும் பூச்சிகளைத் தேடிப் பிடித்தார். வயல்கள் கட்டடங்களாயின, அவர் காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்களில் மூழ்கினார். ஆனால் ஆடியதோடு நின்றாரல்லர். 1983-இல் அவ்விளையாட்டுகளின் நுட்பங்களைக் கையால் எழுதி, நகலெடுத்து, கம்பி ஊசியால் தைத்து, 'கேம் ஃப்ரீக்' என்னும் இதழை வெளியிட்டார். அதைக் கடையில் கண்ட கென் சுகிமோரி, ஓவியம் வரைய வந்து சேர்ந்தார். எது சுவை தருகிறது, எது சலிப்பூட்டுகிறது என்று அலசி எழுதியவர்கள், நாமே ஏன் செய்யலாகாது என்று துணிந்தனர். 1989-இல் அவர்களது முதல் விளையாட்டு வெளிவந்தது. இதழின் பெயரிலேயே நிறுவனமும் எழுந்தது. பூச்சி பிடித்த இளமை இன்பமே 1996-இல் 'போக்கிமான்' ஆயிற்று.

இளைஞர்களே! பிறர் எழுதியதைப் படிப்பதோடு அமையாமல், தாமே இதழ் நடத்தத் துணிவது நமக்குப் புதிதன்று. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழையும், அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கினர். அந்தத் துணிவு நம் முதுசொம்.

ஆகவே, ரசிகர் மன்றத்தில் பதாகைக்குச் செலவாகும் பொருளில் ஒரு பகுதியைக் கையெழுத்து இதழுக்கு ஒதுக்குவோம். விரும்பும் விளையாட்டின் விதி யாது, வெற்றி எப்போது இனிக்கிறது, தோற்றவன் மீண்டும் ஆட வருவது ஏன் என்று எழுதுவோம். கணினி இல்லையே என்று ஏங்க வேண்டா. தாயக்கட்டம் போலத் தாளில் கட்டம் வரைந்து, விதி வகுத்து, நண்பரை ஆடச் செய்து, அவர் சலிக்கும் இடத்தைக் கண்டு திருத்துவோம். கணினி கிட்டியபின் 'ஸ்கிராட்ச்', 'கோடோ' ஆகிய மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. கணக்குப் பாடத்தை மட்டும் கைவிடலாகாது. விளையாட்டின் உள்ளே இயங்குவது கணக்கே.

ரசிகர் அனைவரும் படைப்பாளர் ஆவர் என்று நாம் கூறவில்லை. ஆயினும் உற்று நோக்கவும், எழுதவும், கூடி உழைக்கவும் பழகியவர் எத்தொழிலிலும் தாழார். நம் தெருவும், நம் பாட்டியர் சொன்ன கதைகளும், நம் பறையொலியும் ஒரு விளையாட்டில் இடம்பெற வேண்டுமாயின், அதைச் செய்யும் கை நம்முடையதாதல் வேண்டும். பிறர் ஆக்கியதை ஆடுவோராக மட்டும் நாம் நின்றுவிடலாகாது என்று கூறி அமைகின்றோம்.