ஓட்டுநர் இல்லாத டாக்சியும் ஊராரின் சொல்லும்

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வாழும் என் தமிழ் உறவுகளே!

2023 ஆகஸ்ட் 10 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கூட்டம் நடந்தது. வேமோ, குரூஸ் என்ற இரு நிறுவனங்களின் ஓட்டுநர் இல்லாத டாக்சிகள் நகர் முழுவதும், இரவும் பகலும், கட்டணம் வாங்கிக்கொண்டு ஓடலாமா? கலிஃபோர்னியப் பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் முன் இருந்த கேள்வி அதுதான். ஆறு மணி நேரத்துக்கும் மேலாக ஊர் மக்கள் வரிசையாக வந்து பேசினார்கள்.

பார்வையற்றவர்கள் வந்தார்கள். வழிகாட்டி நாயைக் கண்டதும் ஏற்றாமல் போய்விடும் டாக்சிகளால் நொந்தவர்கள் அவர்கள். இந்த வண்டி எங்களை விட்டுவிட்டுப் போகாது என்றார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் வந்தார்கள். நாற்காலியோடு ஏற முடியாத வண்டியால் எங்களுக்கு என்ன பயன் என்று கேட்டார்கள். நெருப்பை அணைக்கப் போகும் வழியில் இந்தக் கார்கள் குறுக்கே நின்றுவிடுவதாகத் தீயணைப்புத் துறை முறையிட்டது. முடிவில் 3-க்கு 1 என்ற வாக்கில் அனுமதி கிடைத்தது. அந்த வாக்கில் நகர மேயருக்கும் நகர மன்றத்துக்கும் பங்கில்லை. ஆணையத்தின் உறுப்பினர்களை நியமிப்பவர் மாநில ஆளுநர். தெரு நகரத்தினுடையது, தீர்ப்பு வேறொருவருடையது. என் மனத்தை உறுத்துவது இதுதான்.

இந்த வண்டிகளை டாக்சி ஓட்டுநர்கள் எதிர்ப்பதைப் பழமைவாதம் என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். அவர்கள் கதையைக் கேளுங்கள். 2010 முதல் இந்த நகரத்தின் போக்குவரத்து முகமையே டாக்சி உரிமத்தை, மெடாலியன் என்பார்களே, அதை 2,50,000 டாலருக்கு விற்றது. நம்மைப்போலவே பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்தவர்கள் பலர் கடன் வாங்கி அதை வாங்கினார்கள். வயதான காலத்தில் விற்றால் கைக்குப் பணம் வரும் என்று நம்பினார்கள். 2013-இல் இதே ஆணையம் ஊபர், லிஃப்ட் போன்றவற்றுக்குத் தனி விதி வகுத்து வழிவிட்டது. உரிமத்தின் மதிப்பு மண்ணோடு மண்ணாகப் போனது, கடன் மட்டும் நின்றது. அரசின் வாக்கை நம்பி ஒருமுறை கெட்டவர்கள் மறுமுறை சந்தேகப்படக் கூடாதா?

நான் இந்த வண்டிகளுக்கு எதிரியல்ல. அமெரிக்கச் சாலைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 பேர் சாகிறார்கள். இயந்திரம் குடிப்பதில்லை, கண் அயர்வதில்லை. ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்பதால் ஓட்டுநர் இல்லாத கார்களை இந்தியாவுக்குள் விடமாட்டேன் என்று இந்தியாவின் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி சொன்னார். அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் கதவை அடைத்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. உயிர்காக்கும் வாய்ப்பைப் பொறுப்போடு உள்ளே விட வேண்டும்.

பொறுப்பு எங்கே தவறியது என்பதையும் பார்த்தோம். 2023 அக்டோபர் 2 இரவு வேறொரு கார் மோதியதில் ஒரு பெண் குரூஸ் வண்டியின் முன் வந்து விழுந்தார். வண்டி அவர்மேல் மோதி நின்றது. பிறகு ஓரங்கட்ட வேண்டும் என்று தானாக நகர்ந்து, அடியில் சிக்கியிருந்தவரைச் சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. குரூஸ் நிறுவனம் அமெரிக்க மத்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் இழுத்துச் சென்ற செய்தியே இல்லை. நிறுவனம் பின்னர் அதை ஒப்புக்கொண்டு 5 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. குரூஸின் அனுமதி அதே அக்டோபரிலேயே பறிபோனது. 2024 டிசம்பரில் குரூஸின் உரிமையாளரான ஜெனரல் மோட்டார்ஸ் அந்த டாக்சித் திட்டத்தையே கைவிட்டது. இயந்திரம் செய்த பிழையைத் திருத்த முடியும். மனிதர்கள் மறைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சாலை விதியை மீறினால் காவலர் யாருக்கு அபராதச் சீட்டு எழுதுவார்? ஓட்டுநர் இல்லையே! இதற்குக் கலிஃபோர்னியாவில் 2024-இல்தான் சட்டம் வந்தது. அதுவும் 2026 ஜூலையில் நடைமுறைக்கு வரும்படி. வண்டி முதலில், விதி பிறகு என்ற இந்த வரிசை மாற வேண்டும்.

இந்த அரங்கில், ஓட்டுநர் இல்லாத வண்டிகளை இயக்கும் நிறுவனங்களில் மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகள் இருக்கிறீர்கள். விபத்து நடந்த அன்றே முழுக் காட்சிப்பதிவும் அதிகாரிகள் கைக்குப் போக வேண்டும் என்று உங்கள் அலுவலகத்துக்குள் வாய்திறந்து சொல்லுங்கள். மற்றவர்கள், அடுத்த பொது விசாரணைக்கு நாள் குறித்தால் போய்ப் பெயர் கொடுங்கள். ஆதரித்தாலும் எதிர்த்தாலும் சரி, உங்கள் தெருவைப் பற்றி நீங்களே பேசுங்கள்.