சிறுநீர் சோதனை: பேனல் கிளினிக்கா, வெளிக் கிளினிக்கா?



ஸ்ரீ கெம்பாங்கான், பாலாக்கோங் வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம்மவர்களுக்குச் சிறுநீர் சோதனை என்றாலே ஒரு நடுக்கம். போதைப்பொருளைத் தொடாதவருக்கும் அந்தப் பயம் உண்டு. காரணம், நிறுவனம் அனுப்புவது தன் பேனல் கிளினிக்கிற்கு. பணம் கட்டுவதும் முதலாளி, முடிவு போய்ச் சேர்வதும் முதலாளியிடம். "நம்பிக்கை இல்லையென்றால் வெளிக் கிளினிக்கில் ஒருமுறை பார்த்துவிடு" என்பார்கள் நண்பர்கள். அந்த யோசனை கைகொடுக்குமா?

மருத்துவ விடுப்பைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாக இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவின்படி, நிறுவனம் நியமித்த மருத்துவரிடம் போக வேண்டும். அவர் நியாயமான நேரத்தில், நியாயமான தூரத்தில் கிடைக்காவிட்டால் வேறு மருத்துவர் தரும் எம்.சி.யும் செல்லும்.

போதைப்பொருள் சோதனை வேறு விஷயம். வேலையிடத்தில் போதைப்பொருள், மது ஒழிப்புக்கான வழிகாட்டி விதிகளை மனிதவள அமைச்சு 2005ல் வெளியிட்டது. ஆனால், எந்தக் கிளினிக், யார் செலவு என்பதெல்லாம் பெரும்பாலும் நிறுவனத்தின் கொள்கையைப் பொறுத்தது.

ஒரு லோரி ஓட்டுநருக்குத் திங்கட்கிழமை பேனல் கிளினிக்கில் 'பாசிட்டிவ்' என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை சொந்தக் காசில் வெளியே சோதித்து 'நெகட்டிவ்' தாளை நீட்டுகிறார். அது எடுபடாது. அம்ஃபெட்டமின் போன்றவை சில நாட்களில் சிறுநீரிலிருந்து மறைந்துவிடும். மது சில மணி நேரத்திலேயே இறங்கிவிடும். வெள்ளிக்கிழமைக் குப்பி திங்கட்கிழமைக்குச் சாட்சி சொல்லாது.

அதேபோல், கிளினிக்கின் முதல் 'பாசிட்டிவ்' இறுதித் தீர்ப்பும் அல்ல. அது வெறும் சல்லடை. சில சளி மருந்துகள்கூட அதில் சிக்கிக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் ஜிசி-எம்எஸ் என்னும் கருவியால் உறுதிப்படுத்திய பிறகே முடிவைச் சொல்ல வேண்டும். கசகசா அரைத்த குருமாவோ அந்தக் கருவியிலும் உண்மையான மார்ஃபினையே காட்டக்கூடும். அதனால்தான் அமெரிக்க மத்திய அரசின் வேலையிடச் சோதனைகளில், 1998ல் அதற்கான வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000க்கு உயர்த்தினார்கள்.

அதே அமெரிக்காவில் லோரி ஓட்டுநர்களின் சிறுநீரை இரண்டு குப்பிகளாகப் பிரித்து முத்திரையிடுகிறார்கள். முடிவைத் தெரிவித்த 72 மணி நேரத்திற்குள் கேட்டால், இரண்டாவது குப்பி வேறொரு ஆய்வுக்கூடத்திற்குப் போகும். இதுதான் உண்மையான 'வெளிச் சோதனை': சிறுநீர் அதே, கண்கள் வேறு. நம் தொழிற்சங்கங்கள் கூட்டு ஒப்பந்தத்தில் கேட்டுப் பெற வேண்டியது இதையே.

அதுவரை தொழிலாளி செய்யக்கூடியவை சில உண்டு. சாப்பிடும் மருந்துகளைச் சோதனைக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். குப்பியைத் தன் கண்முன் மூடி முத்திரையிட்ட பின்னரே கையெழுத்திட வேண்டும். 'பாசிட்டிவ்' என்றால், அதே குப்பியை ஆய்வுக்கூடத்தில் உறுதிப்படுத்தும்படி அன்றே எழுத்தில் கேட்க வேண்டும். நியாயமின்றி வேலை போனால், 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின் கீழ் 60 நாட்களுக்குள் முறையிட வேண்டும்.

சோதனையே வேண்டாம் என்பது வாதமல்ல. போதையில் ஒருவர் லோரி ஓட்டினால் ஆபத்து ஊருக்கே. ஆனால் ஒரு குடும்பத்தின் சோறு ஒரு குப்பியை நம்பி நிற்கும்போது, அதை இரண்டு முறை பார்ப்பதில் முதலாளிக்கு என்ன நஷ்டம்?