அளக்க வேண்டியது யாரை?
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிள்ளை பருத்துவிட்டால் பிள்ளையை நிறுத்துப் பார்க்கிறோம். மாலைதோறும் அவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளரை அளந்து பார்க்கிறோமா?

அமெரிக்காவில், பாடசாலை விட்டபின் பெற்றோர் வேலை முடிந்து வரும்வரை சிறாரைப் பராமரிக்கும் நிலையங்கள் பல உண்டு. அங்கே உணவும் விளையாட்டும் எவ்வாறு அமையவேண்டுமென 2011ஆம் ஆண்டில் தேசிய நியமங்கள் வகுக்கப்பட்டன. நியமம் ஏட்டில் இருந்தாற் போதுமா? நடத்துபவரிடம் ஆற்றல் வேண்டாமா?

அவ்வாற்றலை எப்படி அளப்பது? வினாத்தாள் கொடுத்தால், "ஆம், ஊக்குவிக்கிறேன்" என்று எழுதுவது எவர்க்கும் எளிது. ஆகவே தென் கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேரிற் சென்று நோக்கும் முறையொன்றை வகுத்தனர். பொறுப்பாளர் பிள்ளைகளோடு தாமும் ஓடுகிறாரா, கைகட்டி நிற்கிறாரா? அவர்களை வரிசையிற் காக்கவைக்கிறாரா? தோற்றவனை வெளியே உட்காரவைக்கும் ஆட்டம் நடத்துகிறாரா? பிள்ளைகள் முன்னே தாமே இனிப்புப் பானம் பருகுகிறாரா? இத்தகையவற்றையே கண்டு குறிப்பர்.

தோற்றவன் வெளியேறும் ஆட்டத்தில் முதலில் உட்காருபவன் யார்? பெரும்பாலும், ஓட்டம் அதிகம் வேண்டிய பிள்ளையே! உலக சுகாதார நிறுவனம் கூறும், நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கம் அவனுக்கு எப்படிக் கிட்டும்?

இவ்வளவீடு குற்றங் கண்டு தண்டிப்பதற்கன்று; எங்கே பயிற்சி வேண்டுமெனக் காட்டுதற்கே. இளைஞர்களே, சிறுவரை விளையாட அழைத்துச் செல்லும்போது, முதலில் உங்களையே அளந்து பாருங்கள்.