ஆலைத் தொழிலாளர் பந்தியில் ஒரு விண்ணப்பம்

(ராயகிரியில், ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் கிறிஸ்து பிறப்பு விழா விருந்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



1936இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் இராஜபாளையத்தில் நூற்பாலை கண்டார். அதன்பின் இவ்வட்டாரத்தில் பலருக்கு ஆலைச் சங்கே கடிகாரமாயிற்று. பஞ்சுத்தூசி சாதி சமயம் பார்த்து எவர் நெஞ்சையும் விட்டுவைக்கவில்லை. இன்றைய பந்தியும் அவ்விதமே கலந்திருக்கிறது; மகிழ்ச்சி.

ஆனால் கணவரை இழந்த தாய்மார் ஒருவரையும் இங்கே காணோம். உறுப்பினர் கண்மூடியதும் அந்த வீட்டுக்குச் சங்கத்தின் அழைப்பும் நின்றுவிடுகிறது. பென்ஷனும் குறைகிறது. 1995ஆம் ஆண்டுத் திட்டப்படி, ஓய்வுபெற்றபின் இறந்தவரின் மனைவிக்கு அவர் வாங்கியதில் பாதிதான். அதற்கும் குறையாமல் கொடுக்க 2014 செப்டம்பரில் வைத்த அளவு மாதம் 1,000 ரூபாய். அதைப் பெற ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று வேண்டும். களைபறித்துத் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்பதில்லை என்று திரும்பி வருகிறார்கள். 2022 முதல் செல்போனில் முகத்தைக் காட்டியே பதியலாம். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அது ஐந்து நிமிட வேலை!

திருப்பி விருந்துவைக்க வழியில்லாதவர்களை அழைக்கும்படி ஆண்டவர் லூக்கா 14ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். இதைத் தருமம் என்று எண்ணவேண்டாம். விடியற்கால ஷிப்டுக்குத் தூக்குவாளியில் சோறு கட்டித் தந்தவர்கள் இவர்கள். ஆலைப் பதிவேட்டில் பேர் ஏறாத தொழிலாளிகள்.

காலஞ்சென்ற உறுப்பினர் பட்டியல் செயலாளரிடம் இருக்கிறது. ராயகிரி வீடுகளுக்கு நான் போய்வருகிறேன். சிவகிரி, வாசுதேவநல்லூர்ப் பக்கம் உங்கள் பொறுப்பு. பொங்கலுக்குள் முடிப்போம். சோறு ஆறுகிறது, உட்காருங்கள்.