'கொஞ்சம்' என்ற சொல்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற பேச்சின் எழுத்து வடிவம்)



இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச விரும்புகிறேன். 'கொஞ்சம்' என்பதே அந்தச் சொல். அகராதியைப் புரட்டினால் சிறிதளவு என்று பொருள் இருக்கும். ஆனால் நமது பேச்சு வழக்கில் அது அளவைக் குறிப்பதோடு நிற்பதில்லை. 'கொஞ்சம் இப்படி வாங்க' என்று ஒருவர் அழைத்தால் பாதித் தூரம் வந்தால் போதும் என்று யாரும் எண்ணுவதில்லை. அங்கே அது மரியாதைக்காக வருகிறது. கேட்பவர் தம்மைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார் என்பதற்கு அடையாளமாக வருகிறது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தவறு செய்துதான் தெரிந்துகொண்டேன்.

1970களின் தொடக்கத்தில் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தேன். ஐப்பசி மழைக்காலம். காலைப் பிரட்டு முடிந்த நேரம், பெரிய துரையிடமிருந்து ஒரு துண்டு வந்தது. ஸ்டோரில் இருக்கும் தேயிலைப் பெட்டிகள் அன்றைக்கே பதுளை ரயில் நிலையம் போய்ச் சேர வேண்டும். 'அவசரம்' என்ற சொல்லின் கீழ் சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடுகள். தோட்டத்தில் இருந்ததோ ஒரே ஒரு லொறி.

பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்கையில் கீழ் லயத்துத் தொழிலாளி ஒருவர் கந்தோர் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க ஐயா. வூட்டுல கொஞ்சம் நோவு கண்டிருக்குங்க. லொறி கொஞ்சம் கெடைக்குமுங்களா?"

ஒன்றுமில்லை என்றார். கொஞ்சம் என்றார். என் காது அந்த இரண்டு சொற்களையும் அப்படியே வாங்கிக்கொண்டது. "பெட்டி இறக்கிவிட்டுத் திரும்பி வரட்டும், பார்ப்போம்" என்றேன். "சரிங்க ஐயா" என்று போய்விட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால், அழுதிருந்தால், நான் எழுந்திருப்பேன். சத்தம் போட்டால் லொறி கிடைக்காது என்பது அவருடைய அனுபவம்.

லொறி திரும்பி வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. கம்பளியில் தூளி கட்டி, நான்கு பேர் மாறி மாறித் தூக்கிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். வழியிலேயே பிரசவமாயிற்று. தாய் பிழைத்துக்கொண்டாள். பிள்ளை பிழைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வேறு அலுவலாக ரயில் நிலையத்துக்குப் போனேன். எங்கள் தோட்டத்துப் பெட்டிகள் சரக்குக் கொட்டகையில் அப்படியே அடுக்கிக் கிடந்தன. வண்டியில் ஏற்ற இன்னும் முறை வரவில்லையாம்.

நேயர்களே, சிவப்புக் கோடு போட்ட அவசரம் இரண்டு நாள் பொறுத்தது. 'கொஞ்சம்' என்று வந்த அவசரம் இரண்டு மணி நேரம்கூடப் பொறுக்கவில்லை. இரண்டையும் நான் சொல்லைக் கொண்டு அளந்தேன். சொன்னவரின் நிலையைக் கொண்டு அளக்கவில்லை.

இந்தக் குறை எனக்கு மட்டும் உரியதன்று. தோட்டத்துப் பேச்சு அப்படித்தான் வளர்ந்தது. வெள்ளைத் துரைமார் தமிழ் பேசக் கற்றுக்கொள்வதற்கென்றே கையேடுகள் அச்சாகின. அவற்றுள் ஒன்றுக்கு 'இங்கே வா' என்றே பெயர். வெல்ஸ் என்பவர் 1915இல் வெளியிட்ட நூலின் பெயர் 'கூலித் தமிழ்'. இந்த நூல்களின் வரலாற்றை மு. நித்தியானந்தன் 'கூலித்தமிழ்' என்ற தமது நூலில் 2014இல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வா, போ, வெட்டு, சுருக்காச் செய் என்பதே துரைமார் தேடிப் படித்த தமிழ். மேலேயிருந்து வருவதெல்லாம் ஏவல், எல்லாமே அவசரம். கீழேயிருந்து போவதெல்லாம் 'ங்க' சேர்ந்த விண்ணப்பம். எதுவுமே அவசரமாகக் காதில் விழுவதில்லை. ஏவத் தெரிந்த அளவுக்கு விண்ணப்பத்தைக் கேட்கத் தெரிந்திருந்தால் எத்தனையோ காரியங்கள் வேறு விதமாக நடந்திருக்கும்.

அதே 2014ஆம் ஆண்டு, ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. புதையுண்ட பலரின் உடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்கள் அகல வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததாக அதிகாரிகள் பின்னர் சொன்னார்கள். எச்சரிக்கை இருந்தது, குடியேற வீடு இருக்கவில்லை. போக்கிடம் இல்லாதவனுக்கு 'இடம் மாறு' என்ற சொல் எவ்வளவு அவசரமாகக் கேட்கும்? 'எங்களுக்கு வேறு இடம் தாருங்கள்' என்று அவன் பணிந்து கேட்டால், அது யாருடைய மேசையில் அவசரமாகும்? தப்பியவர்களுக்கு 75 வீடுகள் 2016இல் கையளிக்கப்பட்டன. மலை சரிந்த பின்னர்தான் அந்த வீடுகள் அவசரமாயின.

அந்தத் துண்டுக்குப் பிறகு இன்னும் பல ஆண்டுகள் கிளாக்கராக இருந்தேன். வாசலில் வந்து நின்று யாராவது 'கொஞ்சம்' என்றால், எழுந்து வெளியே போய் ஒரு கேள்வி கேட்பேன்: "எவ்வளவு நேரம் பொறுக்கலாம்?" அந்தக் கேள்விக்கு யாரும் பொய் சொன்னதில்லை. 'நாளைக்குப் பார்த்துக்கலாமுங்க' என்று போனவர்களும் உண்டு. 'இப்பவேங்க ஐயா' என்று சொல்லி, சொன்ன பிறகே அழத் தொடங்கியவர்களும் உண்டு.

கந்தோர்களிலும் கச்சேரிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நண்பர்களே, மலையகத்துப் பிள்ளைகள் பலர் இன்று அந்த நாற்காலிகளில் இருக்கிறீர்கள். நாளைக் காலையில் யாராவது உங்கள் வாசலில் வந்து, 'கொஞ்சம்' என்று தொடங்கக்கூடும். அதை அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுந்து போய்க் கேளுங்கள்.