பரீட்சையும் தலையெழுத்தும்

(அகரத்தில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் சாரம்.)



சரித்திரம், பூகோளம், பொருளாதாரம், குடிமையியல் முதலிய கலைப் பாடங்களில் நம் பிள்ளைகள் எப்படிப் படித்தால் நல்ல மார்க்கு வாங்கலாம் என்பதைப் பற்றி நாம் பேச வேண்டுமென்று கேட்டுக் கொண்டீர்கள். சுயமரியாதைக்காரர்களுக்குப் பரீட்சையில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நிறைய வேலை இருக்கிறதென்றே சொல்லுவோம். ஏனென்றால், நம் நாட்டில் ஒரு பையனோ பெண்ணோ பரீட்சையில் தவறினால், எங்கே தவறு நேர்ந்தது, எப்படித் திருத்துவது என்று யாரும் கேட்பதில்லை. “தலையெழுத்து” என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறார்கள். இந்த ஒரு வார்த்தை கெடுத்த குடும்பங்களுக்குக் கணக்கில்லை.

முக்கியமாகப் பெண்களின் கதியைப் பாருங்கள். பையன் தவறினால் இன்னொரு தரம் எழுதட்டும் என்பார்கள். பெண் தவறினால் “படித்தது போதும்” என்பார்கள். அப்புறம் மில் வேலை, அல்லது கலியாணம். 2000-க்குப் பின் பல ஆண்டுகள் திண்டுக்கல், கோயம்புத்தூர், திருப்பூர் வட்டாரத்து நூல் மில்களுக்கு ஏழைப் பெண்களை ஆள் பிடித்த முறைக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? சுமங்கலித் திட்டம்! மூன்று வருஷம் விடுதியில் அடைபட்டு உழைத்தால், முடிவில் கலியாணச் செலவுக்கு ஒரு தொகை என்பதே அதன் பொருள். ஆகவே ஒரு பெண்ணுக்கு 35 மார்க்கு என்பது வெறும் எண் அல்ல. அதுவே அவள் மில் வாசலுக்குப் போவதா, காலேஜ் வாசலுக்குப் போவதா என்பதைத் தீர்மானிக்கிறது. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் என்று ஏற்பாடாயிற்று. அதைப் பெறவும் முதலில் இந்த வாசலைத் தாண்டியாக வேண்டுமல்லவா?

இன்னொரு அக்கிரமம். பள்ளிக்கூடத்திலும் வருணாசிரமம் புகுந்திருக்கிறது. கணக்கு, விஞ்ஞானப் பிரிவு மேல் சாதியாம். கலைப் பிரிவு கீழ் சாதியாம். மார்க்கு குறைந்தவனை இங்கே தள்ளுகிறார்கள். தள்ளப்பட்டவனும் “நமக்கு இவ்வளவுதான்” என்று நம்பிப் படிப்பை விட்டு விடுகிறான். தோழர் அம்பேத்கர் 1912-இல் பி.ஏ. தேறியது பொருளாதாரத்திலும் அரசியலிலும்தான். 1913-இல் அமெரிக்காவுக்குப் போய்ப் படித்ததும் பொருளாதாரந்தான். பள்ளிக்கூடத்தில் கோணிச் சாக்கில் தனியே உட்கார வைக்கப்பட்ட அந்தப் பிள்ளை, பின்னால் இந்நாட்டு அரசியல் சட்டத்தை எழுதும் குழுவுக்குத் தலைவரானார். மனிதன் ஏன் அடிமையானான், எப்படி விடுதலையாவான் என்பதைச் சொல்லும் பாடம் எப்படிக் கீழ்ப் பாடமாகும்?

நிற்க, பரீட்சைக் காலம் வந்தால் நம் பெற்றோர்கள் செய்வதென்ன? பேனாவைச் சாமி காலடியில் வைத்து எடுக்கிறார்கள். ஹயக்கிரீவருக்கு அர்ச்சனை, நல்ல நேரம் பார்த்து வீட்டை விட்டுக் கிளப்புவது எல்லாம் நடக்கின்றன. அதே பூஜையைச் செய்த ஒருவன் தேறுகிறான், இன்னொருவன் தவறுகிறான். தேறினால் சாமி அருள். தவறினால் பையன் சோம்பேறி! இந்த வியாபாரத்தில் சாமிக்கு மட்டும் நஷ்டமே இல்லை பாருங்கள்.

இதைவிடப் பெரிய மூடநம்பிக்கை ஒன்று உண்டு. அதுதான் மனப்பாடம். புரோகிதர் மந்திரம் சொல்லுகிறார். கேட்கிறவனுக்கு அர்த்தம் தெரியாது. பெரும்பாலும் சொல்லுகிறவருக்கும் தெரியாது. நம் பிள்ளைகள் நோட்ஸ் ஒப்பிப்பதும் அப்படியே இருக்கிறது. நடுவில் ஒரு வார்த்தை மறந்தால் அப்புறம் ஒன்றுமே வராது. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் கை நடுங்குகிறது. வருஷங்களையும் பெயர்களையும் ஞாபகத்தில் வைக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆணி இல்லாமல் சட்டை மாட்ட முடியாது. ஆனால் ஆணியை மட்டும் சுவர் முழுவதும் அடித்து வைத்துவிட்டுச் சட்டை எங்கே என்றால் என்ன பதில்?

ஆகவே என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, “ஏன்?” என்று கேட்டுப் படியுங்கள். 1772-இல் காளையார்கோவிலில் கணவர் கொல்லப்பட்ட பின் வேலு நாச்சியார் நம் பக்கத்து விருப்பாச்சிக்கு வந்தார் என்று பாடம் சொல்லுகிறது. சிவகங்கை ராணி திண்டுக்கல் சீமைக்கு ஏன் வரவேண்டும்? அப்போது திண்டுக்கல் கோட்டை ஹைதர் அலியின் கையில் இருந்தது. அவர் 1755 முதலே இங்கு பௌஜ்தாராக இருந்தவர், கும்பினியாருக்கு எதிரி. எதிரியின் எதிரியிடம் உதவி கேட்டார், உதவி கிடைத்தது, 1780-இல் சிவகங்கையை மீட்டார். பிறகு 1790-இல் கும்பினியார் இக்கோட்டையைப் பிடித்தார்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை அவர்களுக்குப் போயிற்று. அவர்களை எதிர்த்த விருப்பாச்சி கோபால் நாயக்கர் 1801-இல் தூக்கிலிடப்பட்டார். இதில் ஐந்தாறு வருஷங்கள் வந்து விட்டன. ஒன்றையாவது தனியே உருப்போட வேண்டியதிருக்கிறதா? ஒன்று மற்றொன்றை இழுத்து வருகிறது. திண்டுக்கல்லுக்குப் பஸ்ஸில் போகும் போதெல்லாம் அந்த மலையைப் பார்க்கிறீர்களே, அதுவே உங்கள் சரித்திரப் புத்தகம்.

பொருளாதாரமும் அப்படியே. முகூர்த்த நாளில் மல்லிகைப்பூ விலை ஏறுகிறது. நட்சத்திரமா ஏற்றுகிறது? பஞ்சாங்கத்தை நம்பி எல்லோரும் ஒரே நாளில் கலியாணம் வைப்பதால் தேவை கூடுகிறது, விலை ஏறுகிறது. பனிக் காலத்தில் செடி பூப்பது குறைந்து வரத்துக் குறைகிறது. அப்போதும் விலை ஏறுகிறது. தேவை, அளிப்பு என்ற பாடம் பூ மார்க்கெட்டில் கிடக்கிறது. குடிமையியலில், 1928 முதல் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி உத்தரவு 1950-இல் சென்னை ஹைக்கோர்ட்டிலும் 1951-இல் சுப்ரீம் கோர்ட்டிலும் செல்லாதென்று ஆகி, கிளர்ச்சி எழுந்து, அதே 1951-இல் அரசியல் சட்டம் முதல் முறையாகத் திருத்தப்பட்டது. இந்தச் சங்கிலியை அறிந்தவன் அடிப்படை உரிமைகளைப் பற்றிய கேள்வியை எந்தப் பக்கமாகக் கேட்டாலும் எழுதுவான்.

இரண்டாவது, புத்தகத்தை மூடிப் படியுங்கள். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் இது சோதித்துப் பார்த்த உண்மை. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க ஆராய்ச்சிக்காரர்கள் மாணவர்களுக்கு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு முறையில் அதையே மறுபடியும் படிக்க வைத்தார்கள். இன்னொரு முறையில் படித்ததைப் பாராமல் எழுத வைத்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, மறுபடி படித்தவர்களுக்குச் சுமார் 42 சதவிகிதமும், பாராமல் எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 56 சதவிகிதமும் நினைவில் இருந்தன. திரும்பத் திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்தது போல் இருப்பது வெறும் மயக்கம். ஒரு பக்கம் படித்தவுடன் மூடிவிட்டு, ஞாபகம் இருப்பதை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டுப் போனதைச் சிவப்பு மையால் சேருங்கள். அந்தச் சிவப்பே நாளைக்குப் படிக்க வேண்டிய பாடம்.

மூன்றாவது, இடைவெளி விட்டுப் படியுங்கள். மறதி எந்த வேகத்தில் நடக்கிறதென்று ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் என்பவர் தம்மையே சோதித்து 1885-இல் வெளியிட்டார். படித்த முதல் நாளிலேயே பெரும் பகுதி போய்விடுகிறது. ஆகவே இன்று படித்ததை நாளையும், நாலாம் நாளும், பத்தாம் நாளும் பாராமல் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு தடவைக்கும் கால் மணி போதும். பரீட்சைக்கு முதல் நாள் இராத்திரி முழுவதும் கண் விழிப்பது ஏகாதசிப் பட்டினி மாதிரி. உடம்பு கெடுவதுதான் பலன்.

நான்காவது, கேள்வித்தாளைப் படியுங்கள். சென்ற சில ஆண்டுகளின் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் தாளில் ஒரு மார்க்குக் கேள்விகளுக்கு 14, இரண்டு மார்க்குக்கு 20, ஐந்து மார்க்குக்கு 50, எட்டு மார்க்குக்கு 16 என்று கணக்கு வந்திருக்கிறது. எழுதுவதற்கு மூன்று மணி நேரம். மார்க்கு ஒன்றுக்கு ஒன்றரை நிமிஷம் வைத்தால், திருப்பிப் பார்க்க அரை மணி மிஞ்சும். இதை அறியாதவன் தெரிந்த முதல் கேள்விக்கு நாலு பக்கம் எழுதிவிட்டுத் தேசப் படத்தைத் தொடாமல் எழுந்து வருகிறான். படம் குறிப்பதும் காலக்கோடு வரைவதும் தினம் ஒன்றாகப் பழகினால் தவறவே தவறாத மார்க்கு. ஐந்து மார்க்குக்குக் காரணம், நிகழ்ச்சி, விளைவு என்று தலைப்புப் போட்டு எழுதுங்கள். திருத்துகிறவர் உங்கள் மனத்துக்குள் எட்டிப் பார்க்க முடியாது; தாளில் இருப்பதற்கே மார்க்கு.

பெற்றோர்களே! உங்களுக்கும் இரண்டு வார்த்தை. பையன் படிக்கும்போது பெண் பாத்திரம் தேய்க்கிறாள். பிறகு அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்கிறீர்கள். வேலையை இருவருக்கும் பங்கிடுங்கள். முத்தாலம்மன் திருவிழாவுக்கு வரி போடத் தெரிந்த ஊருக்கு, பிள்ளைகள் மாலையில் கூடிப் படிக்க ஒரு பொது இடம், நல்ல விளக்கு, பழைய கேள்வித்தாள்கள் இவற்றுக்கு ஏற்பாடு செய்யத் தெரியாதா? அந்த இடத்தில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார வேண்டும். ஒருவர் தாளை மற்றவர் திருத்தட்டும். பிறருக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் இரண்டு தடவை படித்தவனாகிறான். கூடவே சாதியும் கொஞ்சம் தேய்கிறது.

கடைசியாக, யாராவது தவறிவிட்டால் வீட்டில் இழவு விழுந்ததுபோல் நடந்து கொள்ளாதீர்கள். அதே வருஷத்தில் துணைத் தேர்வு எழுத வழி இருக்கிறது. எந்தப் பகுதியில் மார்க்கு போயிற்று என்று தாளை வைத்துக் கொண்டு பாருங்கள், பிள்ளையைத் திட்டாதீர்கள். பரீட்சைக்காக உயிர் இல்லை. உயிரோடு சுதந்தரமாய் வாழ்வதற்காகவே பரீட்சை.

நாம் சொன்னதையும் அப்படியே நம்ப வேண்டாம், தோழர்களே! இரண்டு வாரம் ஒரு பாடத்தைப் பழைய முறையிலும், இன்னொன்றை இம்முறையிலும் படித்துப் பாருங்கள். எது நின்றதென்று நீங்களே சோதித்து, பலன் கண்டால் கொள்ளுங்கள், காணாவிட்டால் தள்ளுங்கள். தலையெழுத்தைப் படித்தவன் எவனும் இல்லை. விடைத்தாளில் நீங்கள் எழுதுவதை எல்லோரும் படிக்கலாம். அதை நன்றாக எழுதுங்கள் என்று கேட்டு முடித்துக் கொள்ளுகிறோம்.